இல்லாத காமாலை

மேலே ஒரு பிள்ளையார்கூட உட்கார்ந்திராத மலையில் மனுசன் எதற்கு ஏற வேண்டும் என்று காசிலிங்கத்துக்கு விளங்கவே இல்லை. ஏறினால் உச்சியில் ஒரு வேல் நிற்க வேண்டும், பண்டாரம் ஒருத்தர் திருநீற்றுத் தட்டை நீட்ட வேண்டும், இறங்கும்போது கையில் பஞ்சாமிர்த டப்பா இருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் மலை. இங்கே என்னடாவென்றால், மேலே என்ன இருக்கு தாயி என்று கேட்டதற்கு, "காத்து அடிக்கும்ப்பா, சுத்தி எல்லாம் தெரியும்" என்கிறாள் மகள். அட, காற்றுக்காகவா இந்தப் பாடு! ரயில் ஏறி, சகதியில் இறங்கி, ஆட்டுப் புழுக்கையை மிதித்து, மரக்கதவைத் திறந்து மூடி, இன்னொரு மரக்கதவைத் திறந்து மூடி. "காத்துதான் வேணும்னா நம்ம வத்தலக்குண்டு மொட்டை மாடியில பாய் விரிச்சாப் போதாதா? ஆடி மாசம் ஓடே பறக்குமே" என்று வாய்விட்டுச் சொன்னார். சற்று முன்னால் போய்க்கொண்டிருந்த மங்கை திரும்பாமலே "ம்" என்றாள். அந்த "ம்" வருகிறவரை அவருக்கு மூச்சு இறங்கவில்லை. வந்ததும் அடுத்ததைத் தொடங்கினார். ஆட்டுக்கு எதுக்கு முதுகுல நீலச் சாயம் பூசியிருக்கான், சிமென்ட் இல்லாம வெறும் கல்லை அடுக்கி இம்புட்டு நீளத்துக்குச் சுவர் வச்சவன் எவன், இம்புட்டுப் புல்லு கெடக்கே ஒரு மாட்டுக்காரனையும் காணோமே. பேசிக்கொண்டே இருந்தால் "ம்" வந்துகொண்டே இருக்கும், வந்துகொண்டிருந்தால் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். போன மாதம் ஒரு ராத்திரி இந்தப் பிள்ளை தன் உயிரைத் தானே விடப் பார்த்தது. இந்தச் சீமையில், ஷெஃபீல்டில் அவளோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் ஷைனி என்கிற மலையாளத்துப் பெண் மட்டும் சமயத்தில் வந்திருக்காவிட்டால். அந்த "வந்திருக்காவிட்டால்" என்ற இடத்தில் அவருடைய நினைப்பு நின்றுவிடும். எத்தனை தடவை தொடங்கினாலும் அங்கேதான் நின்றது, அதைத் தாண்டிப் போகவில்லை. மனசுக்குள்ளேகூட அவர் அதை "அந்த ராத்திரி" என்றுதான் சொல்லிக்கொள்வார். சரி, இப்போது அது எதற்கு, காலைப் பார்த்து வை, வழுக்குகிறது.

பாதை ஒற்றையடியாகச் சுருங்கியது. இடது கைப்பக்கம் சரிவு. பெரிய பள்ளம் ஒன்றும் இல்லை, புல் மூடிய சரிவுதான், உருண்டால் ஒரு ஆட்டின் மேல் போய் முட்டி நிற்கலாம். ஆனால் மேலே போகப் போகப் பாறை விளிம்பு வரும் என்று ரயிலிலேயே சொன்னாளே. விளிம்புன்னா எம்புட்டு ஆழம் என்று கேட்க நினைத்து, கேட்காமல், டீ விற்கிறவன் ஏன் இந்த ரயிலில் வருவதில்லை என்று கேட்டார். முன்னால் போவதா பின்னால் போவதா? அவள் முன்னால் போனால் கண்ணில் படுவாள், ஆனால் ஏதாவதென்றால் ஓடிப் பிடிக்க இந்தக் கால் போதாது. தான் முன்னால் போனால் விளிம்பைத் தான் மறிக்கலாம், ஆனால் முதுகில் கண் இல்லையே. பக்கத்திலே நடக்கலாமென்றால் பாதை விடவில்லை. திரும்பத் திரும்ப இதையே கணக்குப் போட்டார், கொஞ்ச தூரம் வேகமாக நடந்து அவளைத் தாண்டினார், உடனே பயம் வந்து ஷூ கயிறு கட்டுகிறமாதிரி குனிந்து அவளை முன்னால் விட்டார், பிறகு மறுபடியும் தாண்டினார். "என்னப்பா, பஸ் ஓட்டுறமாதிரி ஓவர்டேக் பண்றீங்க" என்றாள் மங்கை. சிரித்தாளா? சிரித்தமாதிரிதான் இருந்தது. சிரித்துவிட்டாளே என்று ஒரு சந்தோஷம், அந்த ராத்திரிக்கு முந்தின நாள் போனில்கூட இப்படித்தானே சிரித்தாள் என்று ஒரு இடி. சிரிப்பை நம்பி என்ன பண்ண? வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு அவர் ஓட்டாத ஓட்டமா. காட்ரோட்டைத் தாண்டினால் டம்டம் பாறை, அப்புறம் ஊத்து, பெருமாள்மலை, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் கை தன்னால் திரும்பும். பள்ளத்தைப் பார்க்கவே கூடாது, ரோட்டைத்தான் பார்க்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும். டிப்போவில் இன்னொரு சட்டமும் உண்டு, எழுதாத சட்டம். மலை வண்டியில் உட்கார்ந்துகொண்டு விபத்து என்ற சொல்லையோ, கவுந்துரும் என்ற சொல்லையோ ஒருத்தரும் வாயில் எடுக்கக் கூடாது. சின்னமனூர்க்காரக் கண்டக்டர் ஒருத்தன், "அண்ணே, இந்த வளைவுல பிரேக்கு பிடிக்கலேன்னா" என்று விளையாட்டாக ஆரம்பித்தான். வண்டியை அங்கேயே ஓரங்கட்டி, தண்ணீர் கேனைக் கையில் கொடுத்து, "எறங்கி வாயைக் கழுவிட்டு வாடா" என்று இவர் போட்ட சத்தத்தில் பயணிகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான். விளக்கு அணைந்தது என்று சொல்லக் கூடாது, குளிர்ந்தது. அரிசி தீர்ந்தது என்று சொல்லக் கூடாது, நிறைந்தது. ராஜாமணி அதில் அவரைவிட ஒரு படி மேலே, புருசனைப் போலவே பெண்டாட்டி. மங்கைக்கு அப்போது என்ன வயசு, முன் பல் விழுந்திருந்தது, பள்ளிக்கூட லீவில் அவரோடு வண்டியில் வருவாள், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டி மேல் துண்டை விரித்து உட்கார வைப்பார். ஒரு தடவை மேகம் ரோட்டை மூடியிருந்தபோது அவள் கேட்டாள், "யப்பா, நாம கீழ விழுந்தா என்ன ஆகும்?" என்ன பேச்சுப் பேசுற, வாயைக் கழுவு என்று அதட்டினார். அழுதாளா? அழவில்லை. வாயை மூடிக்கொண்டாள். கொடைக்கானல் வருகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை, அப்புறம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார், சாப்பிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள், அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. எதற்கு இது இப்போது ஞாபகம் வருகிறது, சனியன்.

எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும் நாயோடு இறங்கி வந்தார்கள். ரெண்டு பேர் கையிலும் ரெண்டு குச்சி, பழனிக்குப் போகிறவர்கள்போல் ஒரு வேகம். நல்ல நாள் இல்லையா என்றார் கிழவர். காசிலிங்கத்துக்கு அது மட்டும் புரிந்தது, தலையை ஆட்டினார். நல்ல நாளாம். யார் கண்டது நல்ல நாளா இல்லையா என்று, இன்னும் பொழுது கிடக்கிறது. "உக்காருங்கப்பா, மூச்சு வாங்குது உங்களுக்கு" என்று மங்கை ஒரு மர பெஞ்சைக் காட்டினாள். நல்ல பெஞ்சு, தேக்குமாதிரி இருந்தது, உட்கார்ந்தார், முதுகில் ஏதோ சில்லென்று உறுத்தியது. திரும்பிப் பார்த்தால் ஒரு பித்தளைத் தகடு, அதில் எழுத்து. என்ன எழுதியிருக்கு என்று கேட்டார், கேட்காமல் இருந்திருக்கலாம். "மார்கரெட்டின் நினைவாக, இந்த இடம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், அப்படின்னு போட்டிருக்குப்பா. செத்தவங்க பேருல வீட்டு ஆளுங்க பெஞ்சு போடுவாங்க இங்க." செத்தவர்கள் என்று அவள் வாயிலிருந்து அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது! அவர் துள்ளி எழுந்துவிட்டார். உட்காருகிற இடத்திலா இழவைக் கொண்டுவந்து வைப்பான்? "நட, நட, குளுருது" என்றார். மங்கை எழவில்லை. அந்தத் தகட்டை விரலால் தடவிக்கொண்டு, பிடிச்ச இடத்துல இருக்கிறது நல்லதுதானப்பா என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள்? சும்மா சொன்னாளா? இன்று காலையில், எங்கேயும் போகாமல் போர்வைக்குள்ளேயே கிடக்கிற பெண், தானாக எழுந்து குளித்து, மலைக்குப் போறேன் என்றாளே. ஆபீஸ் ஆட்களோடு போன வருசம் வந்த மலையாம். அவருக்கு வந்த சந்தோஷத்தில் தயிர்சாதம் கட்டினார், நானும் வருவேன் என்று அடம்பிடித்தார். ஆனால் நிலைப்படியைத் தாண்டுவதற்குள் சந்தோஷம் போய் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. ஏன் மலை? ஏன் இன்றைக்கு? கேட்டுவிடலாம். கேட்கத்தான் வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னதை ஷைனி அவருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் சமையல்கட்டில் அவருக்கு எதிரே நின்று, வெங்காயக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அங்கிள், நேரா கேக்கணும். சாகணும்னு தோணுதா, அப்படித்தான் கேக்கணும். சுத்தி வளைச்சு கேக்கக் கூடாது. கேட்டா அந்த எண்ணம் புதுசா வரும்னு பயப்படாதீங்க, வராது, அவங்க எத்தனை பேரைப் பாத்தவங்க" என்றாள். தலையாட்டினார். அதெல்லாம் வெள்ளைக்காரனுக்குச் சரி. பெற்ற பிள்ளையைப் பார்த்து எந்த அப்பன் அந்த வார்த்தையைக் கேட்பான்? நாக்கு அழுகிவிடாதா? ஷெஃபீல்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் கேட்டதெல்லாம் இதுதான்: சாப்பிட்டியா, தூங்குனியா, இன்னொரு தோசை வைக்கவா, குளுருதா, ஹீட்டரைக் கூட்டவா. கல்யாணம் தள்ளிப் போனதா, வேலையா, யாராவது பையன் ஏமாற்றிவிட்டானா, இந்த நாட்டில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதே அதுவா, எதையும் கேட்கவில்லை. கேட்டால் எதைச் சொல்வாளோ. "எந்திரி தாயி" என்றார், குரல் அவருக்கே பிச்சை கேட்பதுபோல் இருந்தது. எழுந்தாள்.

உச்சி வந்துவிட்டது. உச்சி என்றால் என்ன, ஒரு கல் தூண், சுற்றிலும் மொட்டைப் பாறை, காற்று. அப்பா, என்ன காற்று! காதைத் திருகிக் கையில் கொடுத்துவிடும். அவள் சொன்னதுபோல் சுற்றி எல்லாம் தெரிந்தது, பச்சைப் பச்சையாக வயல், பொம்மைபோல் சர்ச், அவர்கள் இறங்கிய ரயில் நிலையம். பாறை ஓர் இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் முடிந்தது, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. வேலி கிடையாது, கம்பி கிடையாது, ஒரு போர்டாவது வேண்டாமா, என்ன கவர்ன்மென்டு இது! அவர் அவளுக்கும் அந்த விளிம்புக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார், இருந்திருந்தாற்போல் செல்போன் அடித்தது. கீழே சிக்னலே இல்லாத போன் இங்கே வந்து பாடுகிறது. ராஜாமணி. ஊரில் இது சாயங்காலக் காபி நேரம். எடுக்காவிட்டால் மறுபடி மறுபடி அடிப்பாள், பக்கத்து வீட்டுப் பையனை விட்டு அடிக்க வைப்பாள். எடுத்தார். "என்னங்க, பாப்பாவுக்குக் கண்ணுல மஞ்சள் எறங்கிருச்சா? கீழாநெல்லி ரெண்டு வேளையும் குடுக்குறீங்களா? எண்ணெய் சேக்காதீங்க, கேட்டீங்களா?" அன்றைக்கு ஷைனி போன் செய்தபோது வீட்டில் இவர் மட்டும்தான் இருந்தார். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய ராஜாமணி, ஏன் இப்படி வேர்த்துக் கிடக்கீங்க என்று கேட்டாள். வாயில் முதலில் வந்தது மஞ்சள்காமாலை. ஏன் அது வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அவளுக்கு ரத்தக் கொதிப்பு, உண்மை தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று நினைத்தார். அப்படிச் சொன்னதற்கு அவள் ஊரெல்லாம் அலைந்து கீழாநெல்லியைக் காயவைத்துப் பொடித்து, டப்பாவில் கட்டி, அவர் பெட்டியில் வைத்துவிட்டாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கொண்டுவந்ததை என்ன செய்வது என்று தெரியாமல், முதல் நாள் காலையிலேயே அந்தப் பொடியை மோரில் கலந்து மங்கையிடம் நீட்டினார். அவள் டம்ளரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் குடித்தாள். கசப்பில் கண் கலங்கியது. மறுநாளும் கொடுத்தார். அன்றிலிருந்து அப்பனும் மகளுமாக, இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டும் குடித்துக்கொண்டும், எண்ணெய் இல்லாமல் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். ஷைனி வறுத்த மீனைக்கூட, உனக்கு ஆகாது என்று அவர் நகர்த்தி வைத்தார். நகர்த்தும்போது நிஜமாகவே ஆகாது என்றுதான் நினைத்தார், அதுதான் கூத்து. "எறங்கிருச்சு, எறங்கிருச்சு, கண்ணு பளிச்சுனு இருக்கு" என்று காற்றுக்கு மேல் கத்தினார். "பாப்பாகிட்டக் குடுங்க" என்றாள் ராஜாமணி. "இந்தா" என்று திரும்பினார். மங்கை இல்லை.

தூண் இருந்தது, பாறை இருந்தது, காற்று இருந்தது. மங்கை இல்லை. போனை எப்படி வைத்தார் என்று தெரியவில்லை. மங்கை என்று கூப்பிட்டார், காற்று அதை வாயிலேயே பிடுங்கிக்கொண்டது. அய்யோ பேச்சு, பேச்சு, இந்தப் பாழாய்ப்போன பேச்சு, நின்ற இடத்தில் நிற்காமல் பேசப் பேச எந்தப் பக்கம் நகர்ந்தேன், விளிம்பை மறித்துக்கொண்டுதானே நின்றேன், எப்போது முதுகைக் காட்டினேன். ஓடினார். எந்தப் பக்கம் ஓடுவது? விளிம்புப் பக்கம் ஓடினால் பார்க்க வேண்டும். பார்த்தால் தெரிந்துவிடும். ஆயுசு முழுக்கப் பள்ளத்தைப் பார்க்காமல் ஓட்டியவனை இப்போது பார் என்றால் எப்படிப் பார்ப்பான்? அவர் பார்த்தார். கையையும் முழங்காலையும் ஊன்றி, பிள்ளைபோல் தவழ்ந்து போய், தலையை நீட்டிப் பார்த்தார். கீழே பாறை, அதற்குக் கீழே செந்நிறத்தில் காய்ந்த புதர், அதற்குள் ஏதோ நீலமாக. அவள் போட்டிருந்த கோட்டு நீலம். மயிலாடும் பாறை முனியாண்டி, என்னை எடுத்துக்கோ, என்னை எடுத்துக்கோ. நீலம் அசைந்தது. நாலு காலில் நடந்தது. நீலச் சாயம் பூசிய ஆடு. அவர் குப்புறப் படுத்துவிட்டார், பாறையின் குளிர் நெஞ்சில் ஏறியது, வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா வேறா தெரியாது. "யப்பா! அங்க என்ன பண்றீங்க? எந்திரிங்க, விழுந்துறப் போறீங்க!" மங்கைதான். இந்தப் பக்கம், காற்று படாத ஒரு பெரிய பாறை மறைவிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தாள், கையில் டிபன்பாக்ஸ் மூடி. ஓடி வந்து அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

பாறை மறைவில் உட்காரவைத்தாள். தயிர்சாதத்தை மூடியில் வைத்து நீட்டினாள், வாங்கத் தெரியவில்லை. முழங்கால் சிராய்ந்து பேன்ட்டில் ரத்தம் தெரிந்தது, அதைப் பார்த்து அவள் முகம் சுருங்கியது. "நான் இங்கதான் இருந்தேன். காத்துல சாப்பிட முடியாதுன்னு வந்தேன்" என்றாள். "கண்ணு பளிச்சுனு இருக்குன்னு சொன்னீங்களே அம்மாகிட்ட, கேட்டுச்சு." கொஞ்ச நேரம் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "எம்புட்டு நாளைக்குப்பா குடிக்கிறது அந்தப் பொடியை?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்கிறமாதிரி கேட்டாள், அதுதான் அவரை உடைத்தது. இந்தப் பிள்ளை இன்னும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்பன் சொல்ல மாட்டான் என்று தெரிந்து, தானும் சொல்லாமல், கசப்பை விழுங்கிக்கொண்டு இருக்கிறது. என்ன ஆகும், கேட்டால் என்ன ஆகும்? கேட்காமலே இப்போதுதானே பாறை நுனியில் குப்புறப் படுத்துக் கிடந்தோம். நாக்கு வேறு எதையாவது கேட்டுவிடத் துடித்தது, உப்பு போதுமா, ஊறுகாய் வேணுமா. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, மூடிக்கொண்டு கேட்கிற கேள்வி இல்லை இது என்று திறந்தார்.

"மங்கை. உனக்குச் சாகணும்னு இருக்கா தாயி?"

சொல்லிவிட்டார். ஒன்றும் இடியவில்லை. ஒரு ஆடு கத்தியது. மங்கை அவரைப் பார்த்தாள், யாரோ புது ஆளைப் பார்க்கிறமாதிரி. அவள் உதடு கோணியது, மூடியது, மறுபடி கோணியது.

"காலைல இருந்துச்சுப்பா" என்றாள். "எந்திரிக்கும்போதே இருந்துச்சு. தனியா வரணும்னுதான் நெனச்சேன். நீங்க விடலை." மூக்கை உறிஞ்சினாள். "ஏறும்போதும் இருந்துச்சு. அந்த பெஞ்சுல ரொம்ப இருந்துச்சு."

அவர், என்ன பேச்சுப் பேசுற என்று தொண்டை வரைக்கும் வந்ததை அப்படியே விழுங்கினார். அவள் கையைப் பிடித்தார், சோற்றுக் கை, பிசுபிசுவென்று இருந்தது, விடவில்லை.

"இப்ப?"

மங்கை யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், காய்ச்சல் விட்டதா என்று உடம்பைத் தானே தொட்டுப் பார்க்கிறவளைப்போல. "இப்பக் கொஞ்சம் கம்மி. போகலை. கம்மியா இருக்கு."

"ஏன்னு கேக்கலாமா?"

"கேளுங்க. ஆனா எனக்கே சரியாத் தெரியாது. சொல்லத் தெரியலை."

"தெரிஞ்ச மட்டும் சொல்லு. நான் நடுவுல பேசலை."

அவள் சொன்னாள். கோர்வையாக இல்லை. வேலையைப் பற்றிக் கொஞ்சம், தூக்கம் வராததைப் பற்றிக் கொஞ்சம், ஒருத்தனைப் பற்றி, பிறகு அவன் காரணமில்லை என்று, வீட்டுக்குப் போன் பேசும்போதெல்லாம் நல்லாருக்கேன் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனதைப் பற்றி. அங்கங்கே நின்றாள், பாறையைச் சுரண்டினாள், அழுதாள். பாதி அவருக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் குறுக்கே விழுந்து ஆறுதல் சொல்ல வாய் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். டிபன்பாக்ஸில் சோறு காய்ந்து போனது. காற்று பாறையைச் சுற்றி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டாளா இல்லை களைத்துவிட்டாளா தெரியவில்லை, அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"யப்பா, நாளைக்கும் கேப்பீங்களா?"

"கேக்குறேன்."

"இதே மாதிரி. சாப்பிட்டியா தூங்குனியான்னு இல்லாம."

"இதே மாதிரியே கேக்குறேன் தாயி. இதே வார்த்தையில."

"நாளைக்கு ஆமான்னுதான் சொல்வேனோ என்னமோ. எனக்குத் தெரியலைப்பா."

அவர் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார், அவருக்கும் தெரியவில்லை, பயமாக இருந்தது.

"ஆமான்னு சொன்னா, மறுநாளும் கேக்குறேன்."